காதுப்பொட்டு

வெயிலுகந்தாள் வாயை மூடிக்கொண்ட பிறகுதான், மற்றப் பிள்ளைகள் நன்றாகப் படிப்பது ஞானவடிவுக்குக் குமட்ட ஆரம்பித்தது.

இரண்டாம் வகுப்பு. தரையில் நாலு வரிசை. புத்தகத்தைத் திறந்த மாத்திரத்தில் அத்தனை வாயும் ஒன்றாக ஓடின. மூச்சு வாங்கல் இல்லை, தலையைச் சொறிதல் இல்லை, பக்கத்துப் பிள்ளையின் புத்தகத்தை எட்டிப் பார்த்தல் இல்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுவதுபோல் தமிழ் கொட்டியது. நடு வரிசையில் ஒரே ஒரு பிள்ளை மட்டும் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, கீழுதட்டைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். புதிதாக வந்து பார்ப்பவருக்கு அவள்தான் வகுப்பில் மக்கு. போன மாதம் வரை அவள்தான் முதல்.

ஞானவடிவு இருபது வருஷமாகச் சங்குத்திட்டுப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். பள்ளிக்கு மூன்று பக்கம் உப்பளம், ஒரு பக்கம் கருவேலங்காடு. சுவரின் சிமெண்டைத் தின்று முடித்துவிட்டு உப்புக்காற்று செங்கல்லை நக்கிக்கொண்டிருந்தது. அவளுடைய அம்மாவும் உப்பு வாரினவள்தான். அம்மாவின் உள்ளங்கால் வெடிப்பில் சின்ன வயதில் விளையாட்டாகச் சிலேட்டுக் குச்சியைச் செருகிப் பார்த்திருக்கிறாள். அம்மாவுக்குத் தெரியக்கூடத் தெரியாது. அவ்வளவு செத்துப்போன தோல். அந்தக் காலைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, ஒரு பிள்ளை எழுத்தைப் பிடிப்பது என்பது பாத்தியை விட்டுக் கரையேறுவது.

பிள்ளை படிக்கிற சத்தம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். விரலை ‘ப’வின் அடியில் வைக்கும். விரல் நகரும். ‘ட’விடம் வந்து முழிக்கும். திரும்பப் பின்னால் போய் ‘ப’வைக் கூட்டிக்கொண்டு வரும். ‘கு’வில் மூக்கை உறிஞ்சும். பிறகு சட்டென்று தலை நிமிர்ந்து, ஏதோ தன் கையாலேயே செய்து முடித்த மாதிரி, ‘படகு’ என்று சொல்லும். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் இத்தனை வருஷமும் அவள் பஸ் இல்லாத ஊருக்கு ஸ்கூட்டரில் புழுதி குடித்துக்கொண்டு வந்தாள். அந்தத் தடுமாற்றம் முழுக்க வேலை. கடப்பாரையால் பாறையை நெம்புகிறவன் முக்குவதில்லையா, அதே முக்கல்.

அந்தச் சத்தத்தைத்தான் ஜூன் மாதத்தில் வந்து பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

திட்டத்துக்குப் பெயர் ‘சரளம்’. கொண்டுவந்தவன் ஜெரோம். இருபத்தைந்து வயதிருக்கும், சிரித்த முகம், கழுத்தில் அடையாள அட்டை. ஒரு பெட்டி நிறைய ஸ்டிக்கர் பொட்டு மாதிரிச் சின்னச் சின்ன வில்லைகள். பிள்ளைகளின் காதுக்குப் பின்னால் ஒட்டினான். அன்றைக்கே பிள்ளைகள் அதற்குக் காதுப்பொட்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

“இது என்ன தம்பி செய்யும்?”

“பிள்ளையோட கண்ணு எந்தச் சொல்லுல நிக்குதுன்னு இது கண்டுபிடிச்சிரும் டீச்சர். உடனே அந்தச் சொல்ல எலும்பு வழியா உள்ள சொல்லிரும். வெளிய யாருக்கும் கேக்காது. பிள்ளைக்கும் யாரோ சொன்ன மாதிரி இருக்காது. தனக்கே ஞாபகம் வந்த மாதிரி இருக்கும்.”

“அப்பம் பிள்ள எதுக்கு?”

ஜெரோம் சிரித்தான். “வாய் வேணும்ல டீச்சர்.”

அவள் சிரிக்கவில்லை. சண்டை போட்டாள். வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போய் நின்று சண்டை போட்டாள். அங்கே ஒரே பதில்தான். நிமிடத்துக்கு நூறு சொல் வாசிக்காத பள்ளிகளை அடுத்த ஆண்டு மூடி, தூரத்துப் பள்ளியோடு சேர்க்கப் போகிறார்கள். சங்குத்திட்டில் பள்ளி மூடினால் பையன்கள் சைக்கிளில் போவார்கள். பெண்பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தாள்.

பொட்டு ஒட்டிய வாரத்திலேயே பிள்ளைகள் ஓடத் தொடங்கினார்கள். ஊரே திரண்டு வந்து ஜன்னலில் நின்றது. உப்பு படிந்த புருவத்தோடு அம்மாக்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். சிலர் அழுதார்கள். பேச்சித்தாய்தான் எல்லோரையும்விட அதிகமாக அழுதாள்.

பேச்சித்தாய் வெயிலுகந்தாளின் அம்மா. ஞானவடிவோடு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து உட்கார்ந்தவள். ‘ஆ’வன்னாவைத் தாண்டுவதற்கு முன்னாலேயே உப்பு இழுக்கிற வாரு பலகையைக் கையில் கொடுத்துவிட்டார்கள். “எம்புள்ள வாயில எழுத்து வெள்ளமா வருது பாருங்க டீச்சர்,” என்றாள். “எனக்கு ஒரு சொட்டு வரல.”

அளத்துப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. விடிந்ததும் பம்பு செட்டுப் பக்கம் கூடுவார்கள். அங்கே ஒரு கரும்பலகை இருக்கும். இன்றைக்கு எந்தப் பாத்தியில் இறங்கலாம், எந்தப் பாத்தியில் வாரு வண்டி ஓடும் என்று சாக்கட்டியில் எழுதிப் போட்டிருக்கும். வாரு வண்டிக்கு டிரைவர் கிடையாது. அடியில் ஆள் நீளத்துக்கு ஒரு இரும்புத் தகடு, அது உப்பைச் சுரண்டிக்கொண்டு தானாகப் போகும், தானாகத் திரும்பும். ஆளைக் கண்டால் நின்றுவிடும் என்றுதான் சொன்னார்கள். அதன் கண்ணாடியில் உப்பு ஏறினால், உப்பு வெளிச்சத்தில் கண் மங்கிப்போன எங்களைப்போல அதுவும் குருடுதான் என்று பெண்கள் சொன்னார்கள். முன்பெல்லாம் பலகையில் இருப்பதைக் காவல்காரர் கத்திச் சொல்லுவார். பிள்ளைகள் இவ்வளவு அருமையாகப் படிக்கும்போது கத்த ஒரு ஆள் எதற்கு என்று அளத்து நிர்வாகம் அவரை நிறுத்திவிட்டது. அதன்பிறகு அம்மாக்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் படிக்கச் சொன்னார்கள். யார் பிள்ளை வேகமாகப் படிக்கிறது என்று அவர்களுக்குள் ஒரு போட்டியே வந்தது. ‘எட்டி, ஒம்மவ இன்னும் முழுங்குதாளே’ என்று கேலி பேசினார்கள். வெயிலுகந்தாளை யாரும் தோற்கடிக்க முடியவில்லை. பலகைக்கு முன்னால் போய் நின்று, ரெண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள்.

மாதக்கணக்காகப் பலகையில் ஒரே வாசகம்தான். கிழக்குப் பாத்தியில் உப்பு வாரலாம், வண்டி மேற்கே ஓடும். அந்த ஒரு காலையில் வேறு எழுதியிருந்தது. கிழக்குப் பாத்தியில் இன்று வண்டி ஓடும், யாரும் இறங்க வேண்டாம்.

வெயிலுகந்தாள் நின்றாள், கையைக் கட்டினாள், ஒரே மூச்சில் படித்தாள். “கிழக்குப் பாத்தியில் உப்பு வாரலாம். வண்டி மேற்கே ஓடும்.”

பெருமை பொங்க முதலில் இறங்கியவள் பேச்சித்தாய். வெள்ளை வெயிலில் வண்டி வரப்பைத் தாண்டித் திரும்பியபோது அவள் முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்திருந்தாள். வலது கால் கணுக்காலுக்கு மேலே துண்டாகிப் போய்விட்டது. உப்புத் தண்ணீரில் ரத்தம் உடனே கரைவதில்லை. இளஞ்சிவப்பாகப் பாத்தி முழுக்க மிதந்துகொண்டு நின்றது.

தூக்கிக்கொண்டு ஓடும்போது பேச்சித்தாய் மகளைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாள். “ஒன் வாயிதானட்டி என் கால முழுங்கிட்டு.”

அன்றைக்குப் பிள்ளை தன் காதுப்பொட்டை நகத்தால் சுரண்டி எடுத்தாள். தோலோடு வந்தது. அதன்பிறகு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

*

ஞானவடிவுக்கு முதலில் பொட்டின்மேல் சந்தேகம் மட்டும்தான் இருந்தது. ஒருநாள் காலையில் வந்ததும் கரும்பலகையில் பாடத்தின் முதல் வரியை எழுதினாள். பிள்ளைகள் நூறு தடவை படித்த வரி. ஆடு இலை தின்றது. ஆனால் ‘இலை’யை எடுத்துவிட்டு ‘உப்பு’ என்று எழுதினாள்.

ஆடு உப்பு தின்றது.

“எல்லாரும் படிங்க.”

“ஆடு இலை தின்றது,” என்றது வகுப்பு.

“நல்லாப் பாத்துப் படிங்க.”

“ஆடு இலை தின்றது.”

அவள் குச்சியை எடுத்து ‘உப்பு’வின் மேல் தட்டினாள். உப்பளத்துப் பிள்ளைகள். அந்தச் சொல்லைத் தின்று வளர்கிற பிள்ளைகள். “இது என்னது?”

“இலை டீச்சர்,” என்றார்கள். அத்தனை கண்ணும் அந்தச் சொல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு கண்ணிலும் சந்தேகம் இல்லை.

முன் வரிசையில் இருந்த சுடலைக்கண்ணுவைக் கூப்பிட்டு அவன் காதுப்பொட்டைக் கழற்றினாள். அவன் பலகையைப் பார்த்தான். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. திருவிழாவில் அப்பா கையை விட்டுவிட்ட பிள்ளைபோல் சுற்றும்முற்றும் பார்த்தான். பிறகு தன்னாலேயே விரல் நீண்டது.

“ஆ... டு. ஆடு. உ... உ...” அவன் திரும்பினான். “டீச்சர், இது இலை இல்ல.”

“பின்ன?”

“உ... ப்... உப்பு.” வகுப்பைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான், “ஏல, ஆடு உப்பத் திங்குதாம்ல.” அவன் சிரித்தான். மற்றப் பிள்ளைகள் அவனை ஒருமாதிரியாகப் பார்த்தார்கள்.

அன்று மத்தியானமே ஜெரோமை வரச் சொன்னாள். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால், வேப்பமரத்து நிழலில் நிறுத்திக் கேட்டாள்.

“தம்பி, அது எழுத்தப் படிக்குதா, இல்ல ஊகிக்குதா?”

ஜெரோம் செல்போனை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். “ரெண்டும்தான் டீச்சர்.”

“வெளங்கச் சொல்லு.”

“தெளிவா இருந்தா படிக்கும். கண்ணு தயங்குச்சுன்னா, வெளிச்சம் சரியில்லன்னா, அங்க பெரும்பாலும் என்ன சொல் வருமோ அதக் குடுத்திரும். ஏற்கனவே பாத்துப் பழகின இடம்னா முதல் ரெண்டு சொல்லப் பாத்ததும் மிச்சத்தையும் குடுத்திரும். நின்னு யோசிச்சா வேகம் விழுந்திரும்ல. அரசாங்கம் கேட்டது வேகம். அதுக்கு ஏத்த மாதிரிச் செஞ்சிருக்காங்க.”

“தப்பாக் குடுத்தா?”

“நூத்துக்கு ரெண்டு மூணுதான் டீச்சர் தப்பாகும்.”

“அந்த ரெண்டு மூணுல ஒண்ணு பேச்சித்தாயி காலு.”

அவன் தரையைப் பார்த்தான். வேப்பங்கொட்டை ஒன்றைச் செருப்பால் நசுக்கினான்.

“பிள்ளைக்குத் தெரியுமா, தனக்கு வந்தது எழுத்துலருந்து வரல, ஊகத்துலருந்து வந்ததுன்னு?”

“தெரியாது. தெரிஞ்சா நின்னுரும்ல.”

“நின்னிருக்கணும்லடா,” என்றாள் ஞானவடிவு. தம்பி என்கிற மரியாதை எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. “புதுச் சொல்லப் பாத்ததும் அந்தப் பிள்ள நின்னிருக்கும். ‘எம்மா, இது என்னமோ வேற எழுதியிருக்கு’ன்னு முழிச்சிருக்கும். அந்த முழி போதும், பேச்சி வரப்பவிட்டு எறங்கியிருக்க மாட்டா. முட்டிமுட்டிப் படிக்கிற சோலிய பிள்ளகிட்டருந்து பறிச்சு, அதுக்குக் கொறைன்னு பேரு வச்சு... ஒனக்குப் பிள்ள இருக்கா?”

“அக்கா பொண்ணு இருக்கா. ஒண்ணாவது.”

“அவளுக்கு ஒட்டியிருக்கியா?”

“நானும் ஒட்டிக்கிறதில்ல டீச்சர்,” என்றான் ஜெரோம். மன்னிப்புக் கேட்பது போலத்தான் சொன்னான். அவளுக்குக் கன்னத்தில் அறைய வேண்டும்போல இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் கடைசி மணியில் எல்லாப் பொட்டையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவிட்டு விரல் வைத்துப் படிக்கச் சொன்னாள். பிள்ளைகள் அழுதார்கள். வாரம் முடிவதற்குள் அப்பாக்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். “நல்லா ஓடுத வண்டிய எதுக்கு டீச்சர் பிரேக்குப் போட்டு நிறுத்துதிய?” என்று ஒருவர் கேட்டார். “எம்மவன் கலெக்டர் மாதிரிப் படிச்சான். இப்பம் எங்க அய்யன் மாதிரித் திக்குதான்.” அவள் விளக்கிச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். போகும்போது, “இருந்தாலும் ஒட்டியே விடுங்க,” என்றார். அவர்மேல் கோபப்பட முடியவில்லை. வாழ்க்கை முழுக்கப் பின்னால் நிற்க வைத்தவர்கள், ஒரு நாள் கூப்பிட்டு முன்னால் நிற்க வைத்தால், காலுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று குனிந்து பார்ப்பார்களா?

வெயிலுகந்தாள் மட்டும் எந்த மணியிலும் படிக்கவில்லை. பொட்டு இருந்த இடத்தில் புண் காய்ந்து பக்குக் கட்டியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் விரலைப் பிடித்து எழுத்தில் வைத்தால், சூடுபட்ட மாதிரி இழுத்துக்கொண்டாள்.

*

பேச்சித்தாய் வீட்டில் தார்ப்பாய் போட்ட முகப்புக்குக் கீழே கட்டிலில் கிடந்தாள். கால் இருந்த இடத்தில் துணி சுற்றிய மொட்டை. ஈ விரட்ட ஒரு பனைமட்டை விசிறி.

“வாங்க டீச்சர். எந்திரிக்க முடியாது, மன்னிச்சிருங்க.”

“கெட பேச்சி.” ஞானவடிவு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். ஆட்டையும் இலையையும் சொன்னாள். ஜெரோம் சொன்னதைச் சொன்னாள். “அது ஒம்மவ படிச்சதில்ல. அந்த மிசினு படிச்சது. இல்ல, அதுகூடப் படிக்கல. நெதமும் சொன்னதச் சொல்லிட்டு.”

பேச்சித்தாய் முகட்டையே பார்த்துக்கொண்டு கேட்டாள். “எனக்கு அவ கொரலுதான டீச்சர் கேட்டுது.”

“கொரலு அவளது. சொல்லு அவளது இல்ல.”

“நாங்க எழுத்தறியாத சனம். நீங்க சொல்லுதிய, சரிங்கேன். அளத்துலருந்து ஆளு வந்து, ஒம்புள்ள வெளையாட்டாப் படிச்சிட்டுன்னு சொல்லுதாவ, அதுக்கும் சரிங்கேன். நான் யார நம்ப?” அவள் விசிறியைக் கீழே வைத்தாள். “பிள்ள எங்கிட்ட வரமாட்டேங்கா. ராவும் பகலும் அந்தா, அந்த மூலையில உக்காந்துகிடுதா. வலியில சொன்னது டீச்சர் அது. எடுத்து முழுங்கிரலாம்னா முடியலியே. நான் சொன்னது பொய்யின்னு அவளுக்குத் தெரியணும்னா, மொதல்ல எனக்குல்ல தெரியணும்.”

வெயிலுகந்தாள் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு தன் அம்மாவின் மிச்சமிருக்கிற காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

விசாரணைக்கு அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்தது. திருவரங்கன், இணை இயக்குநர். விசாரணை என்பது பெயருக்கு. அளத்தில் நடந்ததற்கும் திட்டத்துக்கும் சம்பந்தமில்லை, குழந்தை விளையாட்டுத்தனமாகப் படித்தது என்று முடிவு ஏற்கனவே ஆகியிருந்தது. வகுப்பில் பிள்ளைகள் குறையில்லாமல் வாசிப்பதைப் படம் பிடித்துக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். ஜெரோமே போனில் இதைச் சொன்னான். “வழக்கம்போல உறுதிமொழிய போர்டுல எழுதி வச்சிருங்க டீச்சர். சார் முதல்ல வாசிச்சுக் காட்டுவாங்க, பிள்ளைங்க பின்னாடி சொல்லட்டும்.”

அது ‘சரளம்’ திட்டத்தின் உறுதிமொழி. எல்லாப் பள்ளியிலும் எல்லா ஆய்விலும் கரும்பலகையில் எழுதுவார்கள். நாங்கள் சரளமாக வாசிப்போம். நிமிடத்துக்கு நூறு சொல் வாசிப்போம். வாசித்து உயர்வோம். நாட்டை உயர்த்துவோம்.

ஞானவடிவு காலையிலேயே உப்பு மூட்டை ஏற்றுகிற குட்டியானை வண்டியை அமர்த்தி, பேச்சித்தாயைக் கட்டிலோடு தூக்கி வந்து வகுப்பு வாசலில் இறக்கினாள். நேருக்கு நேராகக் கேட்கப் போகிறாள், பாதிக்கப்பட்டவளும் கேட்கட்டும் என்று நினைத்தாள். பிறகு கரும்பலகையைத் துடைத்துவிட்டு, முதல் வரியை மட்டும் இருந்தபடி எழுதினாள். மீதியை மாற்றினாள்.

நாங்கள் சரளமாக வாசிப்போம்.
பேச்சித்தாயின் கால் போனதற்கு அவள் மகள் காரணம் இல்லை.
காதில் ஒட்டிய பொட்டுதான் காரணம்.
இதை வாசிக்கிறவர் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

பெரிய பெரிய எழுத்து. வேலை போகும் என்று தெரியும். ஜீப்பிலிருந்து இறங்குகிற ஆள் இதைப் பார்த்ததும் முகம் சிவந்து கத்துவார். கத்தட்டும். கத்தும்போதே திருப்பிக் கத்துவதற்கு அவளிடம் நெஞ்சு நிறைய இருந்தது.

திருவரங்கன் வந்தார். வாட்டசாட்டமான உடம்பு, நெற்றியில் சந்தனம். வாசலில் கட்டிலைப் பார்த்து நின்றார். “இவங்கதானா? நல்லாப் பாத்துக்கங்கம்மா. அரசு உங்க பக்கம் இருக்கு.” சொல்லிவிட்டு உள்ளே நுழைந்து கரும்பலகைக்கு முன்னால் போனார். ஜெரோம் செல்போனை உயர்த்திப் படம் பிடிக்கத் தொடங்கினான். பிடித்தவனின் பார்வை பலகைக்குப் போனது. அவன் வாய் பாதி திறந்து அப்படியே நின்றுவிட்டது.

திருவரங்கன் தொண்டையைச் செருமினார். குச்சியை வாங்கி முதல் வரியில் வைத்தார். மேடைக் குரல், கணீரென்று வந்தது.

“நாங்கள் சரளமாக வாசிப்போம்.” குச்சி அடுத்த வரிக்கு இறங்கியது. பேச்சித்தாயின் பெயருக்கு அடியில் ஊர்ந்தது. “நிமிடத்துக்கு நூறு சொல் வாசிப்போம்.” குச்சி இறங்கியது. “வாசித்து உயர்வோம். நாட்டை உயர்த்துவோம்.”

பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்தபடியே அத்தனையையும் திருப்பிச் சொன்னார்கள்.

ஞானவடிவு அவர் முகத்தைப் பார்த்தாள். நடிப்பு இல்லை. கள்ளம் இல்லை. சுத்தமான முகம். சுடலைக்கண்ணு பொட்டோடு இருந்தபோது இலை என்று சொன்னானே, அதே முகம். புழுக்கம் தாங்காமல் அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். காதுமடலை மடக்கி அதன் பின்னாலும் ஒற்றிக்கொண்டார். தோல் நிறத்தில், ஸ்டிக்கர் பொட்டு அளவில், ஒன்று இருந்தது.

யாரிடம் கத்துவது? இந்த ஆள்தான் கோப்புகளைப் படிக்கிறார். பள்ளியை மூடலாமா என்று வருகிற காகிதத்தைப் படிக்கிறார். பேச்சித்தாயின் மனுவைப் படித்து முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். முதல் ரெண்டு சொல்லைப் பார்த்ததும் மிச்சம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

“சார்,” என்றாள். “போர்டுல எழுதியிருக்கத இன்னொரு தடவ பாருங்க.”

அவர் பார்த்தார். பொறுமையாகவே பார்த்தார். “கையெழுத்து அழகா இருக்கும்மா,” என்றார். “பாத்தீங்களா ஜெரோம், ஒரு பிள்ளகூடத் தடுமாறல. இதுல என்ன குறை கண்டுபிடிக்கிறாங்க?” ஜெரோம் செல்போனைத் தாழ்த்தினான். திருவரங்கன் நடு வரிசையைக் காட்டினார். “அந்தப் பிள்ள வாயத் தெறக்கலியே. அந்தம்மா மக அதுதானா?”

வெயிலுகந்தாள் எழுந்து நின்றிருந்தாள். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. அவள் கண் கரும்பலகையில் இரண்டாவது வரியில் நின்றது. வலது கை விரல் நீண்டு, காற்றில், அந்த எழுத்துக்கு நேர் அடியில் இருந்தது.

“படிம்மா,” என்றார் திருவரங்கன்.

விரல் முதல் வரிக்குப் போனது. “நா...” என்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த குரல், துருப்பிடித்த கீல்போல. “நா... ங்... நாங்... க...”

அவர் கொஞ்சம் காத்திருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “சரி சரி, பாவம், உக்காரு. இந்தப் பிள்ளைக்குப் புதுசா ஒண்ணு ஒட்டிவிடுங்க ஜெரோம்,” என்றபடி வெளியே நடந்தார். ஜெரோம் சட்டைப்பையில் கையை விட்டான். ஞானவடிவு அவனைப் பார்த்தாள். கை வெறுமனே வெளியே வந்தது. அவனும் தலையைக் குனிந்துகொண்டு ஜீப்பை நோக்கிப் போனான்.

வெயிலுகந்தாள் உட்காரவில்லை. ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது. அவள் அப்போதுதான் ‘சரளமாக’வில் ‘ள’விடம் மாட்டிக்கொண்டு நின்றாள். பின்னால் போனாள். திரும்ப வந்தாள். ஞானவடிவு எடுத்துக் கொடுக்கவில்லை. எடுத்துக் கொடுக்க நாக்குத் துடித்தது, கடித்துக்கொண்டாள். ஜீப்பின் புழுதி கருவேலங்காட்டு வளைவைத் தாண்டியபோது விரல் இரண்டாவது வரிக்கு வந்தது.

“பே... ச்... பேச்... சி...”

வாசலில் கட்டில் கிறீச்சிட்டது.

“...தா... யி... பேச்சித்தாயி...”

பேச்சித்தாய் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்திருந்தாள். “டீச்சர்,” என்றாள். “அதுல எம்பேரா எழுதியிருக்கு?”

“ஆமா பேச்சி.”

“அந்த ஐயா படிக்கும்போது எம்பேரு வரலியே. கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன். காது நல்லாத்தான இருக்கு எனக்கு.”

“அவரு காதுலயும் பொட்டு இருக்கு.”

பேச்சித்தாய் கரும்பலகையைப் பார்த்தாள். புழுதி அடங்கிக்கொண்டிருந்த ரோட்டைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள், வெகுநேரம்.

“அம்புட்டுப் பெரிய ஆளு,” என்றாள். “அந்த வாயே அப்பிடின்னா, எம்புள்ள வாயி என்ன செய்யும்.”

வெயிலுகந்தாளின் விரல் காற்றில் நின்றுபோயிருந்தது. அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அடுத்த சொல் ‘கால்’. அவளுக்கு அது தெரிந்துவிட்டிருந்தது.

“படி தாயி,” என்றாள் பேச்சித்தாய். “மெல்லப் படி. நான் எங்க போயிரப் போறேன்.”